ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள் பிளாஸ்டிக்கா?

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மேலே மிதக்கின்றன. மற்ற மணிகளைவிட மழமழவென்றும் இலேசான மஞ்சளாகவும் இருக்கின்றன. அம்மா அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலையில் போடுகிறார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டோடு வைத்துக்கொண்டாலும், உங்களுக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் இருக்கிறது. பிளாஸ்டிக் அரிசி உண்மையா, வீட்டிலேயே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி. இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மிதக்கிற அந்த மணி என்ன? பிளாஸ்டிக் அரிசியை யாராவது எங்காவது ஆய்வகத்தில் உறுதி செய்திருக்கிறார்களா? “அப்படி எதுவும் இல்லை” என்று அதிகாரிகள் சொல்வதை எதை வைத்து நம்புவது? உணவுப் பரிசோதனைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு, இன்னும் விவாதத்தில் இருப்பவையும் உண்டு.

முதலில் அந்த மணி. நீங்கள் விவரிக்கும் நிறம், வழவழப்பு, மிதப்பு, சில மணிகள் மட்டும் என்கிற அளவு எல்லாம் சேர்ந்து சுட்டுவது செறிவூட்டப்பட்ட, அதாவது சத்துச் சேர்த்துச் செய்த அரிசி மணியைத்தான். அது செய்கிற விதம் தெரிந்தால் மிதப்பதற்கான காரணமும் புரிந்துவிடும். அரைவை ஆலையில் கழியும் குருணையை மாவாக்குகிறார்கள். அந்த மாவோடு இரும்புச்சத்துக்கான ஃபெர்ரிக் பைரோபாஸ்பேட், ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் மூன்றும் அடங்கிய கலவையைச் சேர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, இரட்டைத் திருகு உள்ள பிழிவு இயந்திரத்தில் சூடாக அழுத்துகிறார்கள். முறுக்கு அச்சில் மாவு வருவதுபோல அரிசி வடிவத் துளைகள் வழியே அது வெளியே வரும்போது கத்தி நறுக்கிவிடும். பிறகு உலர்த்தினால் அரிசி போலவே ஒரு மணி. அதை 1 கிலோ அரிசிக்கு 10 கிராம் என்ற கணக்கில், அதாவது நூற்றுக்கு ஒன்றாகக் கலக்கிறார்கள்.

சூட்டிலும் அழுத்தத்திலும் மாவு பாதி வெந்து இறுகுவதால் மேற்பரப்பு வழவழப்பாகிறது. உள்ளே நுண்ணிய காற்றுப் பைகள் தங்குகின்றன. வயலில் விளைந்த மணி தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தியானது, அதனால் மூழ்குகிறது. பிழிந்து செய்த மணி காற்றைச் சுமந்திருப்பதால் அதில் ஒரு பகுதி மிதக்கிறது. இரும்புச்சத்தும் வைட்டமின்களும் கலந்த மாவு என்பதால் நிறத்தில் சற்று வேறுபாடு தெரியும். பச்சரிசியில் அது பளிச்சென்று தெரியும், புழுங்கலில் அவ்வளவாகத் தெரியாது.

எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆயிரம் அரிசி மணிகளின் எடை ரகத்தைப் பொறுத்து 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். அப்படியானால் 1 கிலோவில் ஐம்பதாயிரம் முதல் அறுபதாயிரத்துச் சொச்சம் மணிகள். அதில் செறிவூட்டப்பட்டவை ஐந்நூறு, அறுநூறு அளவில் இருக்கும். 10 கிராம் அரிசி எடுத்தால் அதில் ஐந்தாறு மணிகள். அம்மா பொறுக்கி வைத்ததை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்குக்கு அருகில்தான் வரும். மிதப்பவற்றை மட்டும் பொறுக்கினால் கொஞ்சம் குறையும். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் மூட்டைக்கு மூட்டை, கடைக்குக் கடை மாறாமல் இருப்பதே ஒரு தடயம். கலப்படம் செய்பவர் இவ்வளவு ஒழுங்காக அளந்து கலப்பதில்லை. தன் ஆதாயத்துக்கு ஏற்றபடி பத்து விழுக்காடோ இருபது விழுக்காடோ கலப்பார்.

இந்த அரிசி எப்போது வந்தது என்பதைச் சொன்னால் பயம் ஏன் இவ்வளவு பரவியது என்பதும் விளங்கும். மத்திய அரசு முன்னோட்டமாகச் சில மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி தேர்வானது. 2021 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில், அரசுத் திட்டங்களில் தரப்படும் அரிசி முழுவதும் 2024க்குள் செறிவூட்டப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பிறகு பள்ளிச் சத்துணவு, அங்கன்வாடி, ரேஷன் கடை என்று படிப்படியாக வந்தது. ஆனால் “பிளாஸ்டிக் அரிசி” வதந்தி அதற்கு முன்பே, 2017 ஜூன் மாதத்தில் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு நான்கிலும் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. அந்த நினைவு மறையாத வீடுகளுக்குள், முன்னறிவிப்பு இல்லாமல் வித்தியாசமான மணி ஒன்று வந்து விழுந்தது. மக்கள் வேறு என்ன நினைப்பார்கள்? எடை போடுகிற இடத்தில், கண்ணில் படுகிற உயரத்தில், “இந்த மணி மிதக்கும், இது அரிசி மாவில் செய்தது, எறியாதீர்கள்” என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் இதில் பாதிச் சந்தேகம் முளைத்தே இருக்காது. சாப்பாட்டில் மாற்றம் செய்பவர்கள் சாப்பிடுகிறவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அந்தக் கடமையில் அரசு தவறியது என்பதே என் கருத்து. உங்கள் அம்மாமீது குறை சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து, பிளாஸ்டிக் அரிசி என்று பிடிபட்டவை. இந்தக் கதையின் வேர் சீனாவில் இருக்கிறது, அங்கே நடந்தது உண்மையான மோசடிதான். வூச்சாங் என்பது அங்கே மணத்துக்குப் பேர்போன, விலை உயர்ந்த அரிசி. சாதாரண அரிசியில் வாசனைப் பொருள் சேர்த்து வூச்சாங் என்று விற்றது 2010இல் அம்பலமானது. அரிசியில் அரிசியைத்தான் கலந்தார்கள், ஏமாற்று ரகப் பெயரில் இருந்தது. அடுத்த ஆண்டே, உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் செயற்கைப் பிசினும் சேர்த்துப் போலி அரிசி செய்கிறார்கள் என்று ஒரு செய்தி ஆசிய இதழ்களில் சுற்றியது. அந்தப் போலி மணியை எந்த ஆய்வகமும் கையில் எடுத்துக் காட்டியதில்லை.

2015 மே மாதம் இந்தோனேசியாவின் பெக்காசியில் ஒருவர் வாங்கிய அரிசி பற்றிப் புகார் வந்தது. முதலில் சோதித்த ஆய்வகம் பிளாஸ்டிக் சார்ந்த வேதிப்பொருள் இருப்பதாகச் சொன்னது. பிறகு காவல்துறையின் தடயவியல் கூடமும் அந்நாட்டின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பும் தனித்தனியே சோதித்தபோது எதுவும் இல்லை. முதல் முடிவு மட்டும் உலகம் சுற்றியது, இரண்டாவது முடிவு அந்த ஊரைத் தாண்டவில்லை. ஒரே மாதிரியை இரண்டு மூன்று இடங்களில் சோதிக்க வேண்டும் என்று எங்கள் துறையில் வலியுறுத்துவது இதற்காகத்தான். பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் வேதிப்பொருள்கள் உறையிலும் குழாயிலும் கையுறையிலும் இருக்கின்றன. ஆய்வகத்துக்குள்ளேயே மாதிரியில் தொற்றிக்கொள்ளக் கூடியவை அவை.

2016 டிசம்பரில் நைஜீரியாவின் லாகோஸில் 2.5 டன் “பிளாஸ்டிக் அரிசி” பிடிபட்டதாகச் சுங்கத் துறையே அறிவித்தது. சோதித்துப் பார்த்த அந்நாட்டு உணவு, மருந்து நிறுவனம் அது பிளாஸ்டிக் இல்லை என்றது. ஆனால் நுண்ணுயிர் அளவு வரம்பு மீறியிருந்ததால் உண்ணத் தகாதது என்றும் சொன்னது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெட்டுப்போன அரிசி உண்மையாகவே சந்தைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் என்ற பேச்சில் அந்த உண்மைக் குற்றம் அமுங்கிப்போனது.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றில் பிளாஸ்டிக் தாளை இயந்திரத்தில் விட்டால் மறுபக்கம் வெள்ளை மணியாகக் கொட்டும். அது கழிவுத் தாளை மறுசுழற்சிக் குருணையாக மாற்றும் சாதாரணத் தொழில். அந்தக் குருணைதான் மறுபடி பையாகவும் வாளியாகவும் ஆகிறது. இன்னொன்றில் ஒருவர் வெந்நீரில் பச்சைக் குழம்பை ஊற்றி முட்டைக்கோஸ் போலச் சுருட்டுவார். அது ஜப்பானிய உணவகங்களின் கண்ணாடிப் பெட்டியில் பார்வைக்கு வைக்கும் மெழுகு மாதிரி உணவைச் செய்கிற கைவினை. யாரும் அதைச் சாப்பிடக் கொடுப்பதில்லை.

கலப்படத்துக்கு ஒரு பொருளாதாரம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் எந்த வதந்தியையும் நீங்களே எடைபோடலாம். விலை மலிவானதை விலை உயர்ந்ததில் கலப்பார்கள். கலந்தது சமைக்கும்போதும் தின்னும்போதும் தெரியாமல் மறைய வேண்டும். மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் தூள், பாலில் தண்ணீரும் மாவும் எல்லாம் இந்த இரண்டு விதிக்கும் பொருந்துகின்றன. பிளாஸ்டிக் இரண்டிலுமே தோற்கிறது. புதிய பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் குருணை கிலோ நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது. சாதாரண அரிசி அதில் பாதி விலை. 50 கிலோ மூட்டையில் 5 விழுக்காடு கலந்தால் 2.5 கிலோ பிளாஸ்டிக்குக்கு 250 ரூபாய் போட்டு 125 ரூபாய் அரிசியை மிச்சம் பிடிக்கிறார் என்று ஆகும். அரிசி வடிவத்தில் வார்க்கும் செலவு தனி. மறுசுழற்சிக் குருணை மலிவுதானே என்று கேட்பீர்கள். மலிவுதான், ஆனால் அது பெரும்பாலும் மங்கலான சாம்பல் நிறமாக, நாற்றத்தோடு இருக்கும், அரிசியோடு கலந்தால் கண்ணை உறுத்தும். அதிலும் ரேஷன் அரிசி தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அட்டைதாரருக்கு இலவசம். இலவச அரிசியில் நூறு ரூபாய்ப் பொருளைக் கலக்க யாருக்கும் காரணம் இல்லை. நடப்பது இதற்கு நேர்மாறு. ரேஷன் அரிசியைத் திருடி, மறுபடி பாலிஷ் போட்டு, வேறு பெயரில் வெளிச்சந்தையில் விற்கிறார்கள், எல்லை தாண்டியும் கடத்துகிறார்கள்.

இரண்டாவது விதியை உங்கள் உலையே காட்டும். அரிசியில் இருக்கும் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டித் தண்ணீரை உறிஞ்சி இளகத் தொடங்கும். 10 கிராம் அரிசி வெந்தால் 25 முதல் 30 கிராம் சோறாகும். பிளாஸ்டிக் தண்ணீரை உறிஞ்சாது. பாலிப்ரொப்பிலீன் உருக 160 டிகிரிக்கு மேல் வேண்டும், பாலிஎத்திலீனுக்கு வகையைப் பொறுத்து 105 முதல் 135. கொதிக்கும் உலை 100ஐத் தாண்டாது. ஆகவே பிளாஸ்டிக் மணி உலையில் போட்டபடியே, கல் மாதிரி, சோற்றில் கிடக்கும். முதல் கவளத்திலேயே பல்லில் படும். பல மாதம் யாருக்கும் தெரியாமல் ஊரே தின்றது என்பது நடக்கவே முடியாத காரியம்.

இனி வீட்டுச் சோதனைகள். பரப்பப்படும் சோதனைகளில் பலவும் தவறான பதில் தருபவை, அதனால் ஒவ்வொன்றின் குறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

மிதக்கவிடும் சோதனையை நம்ப வேண்டாம். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும் என்பது சரி, ஆனால் குழாய் செய்யும் பிவிசியும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் அரிசிக்கு நிகரான அடர்த்தி கொண்டவை, அவை மூழ்கிவிடும். மறுபக்கம் நல்ல அரிசியிலேயே பூச்சி துளைத்த மணி, முற்றாத மணி, உள்ளே வெள்ளைப் புள்ளி விழுந்த மணி, செறிவூட்டிய மணி எல்லாம் மிதக்கலாம். காய்ந்த மணி நீர்ப்பரப்பின் இழுவிசையாலேயே சற்று நேரம் மேலே நிற்கும், விரலால் அழுத்தினால் போய்விடும்.

உருட்டி எறிந்தால் பந்துபோலத் துள்ளுகிறது என்ற சோதனை மிகவும் பிரபலம். அதற்குப் பொருளே கிடையாது. வெந்த மாவுச்சத்து ஒரு கூழ்மம். ஆறும்போது அதன் இழைகள் மறுபடி நெருங்கி இறுகி, மீள்தன்மை பெறும். அழுத்தி உருட்டினால் எந்த நல்ல சோறும் துள்ளும், ஒட்டும் தன்மையுள்ள ரகங்கள் இன்னும் நன்றாகத் துள்ளும். வடித்த கஞ்சியின் மேல் பாலாடைபோல் படலம் படிவதையும், அது காய்ந்து பிளாஸ்டிக் தாள்போல உரிவதையும் காட்டிப் பயமுறுத்துவார்கள். அது காய்ந்த மாவுச்சத்து. அந்தக் குணத்துக்காகத்தான் வேட்டிக்குக் கஞ்சி போடுகிறோம்.

வேகவைத்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது. சந்தேக மணிகள் இருபதும் சாதாரண மணிகள் இருபதும் எடுத்து, இரண்டு சிறு பாத்திரங்களில் தனித்தனியே கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பச்சரிசியானால் 20 நிமிடம், புழுங்கலானால் அரை மணி நேரம். தட்டில் எடுத்து விரலால் நசுக்குங்கள். செறிவூட்டிய மணி சாதாரண மணிக்கு முன்பே குழைந்துவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே பாதி வெந்த மாவு. பிளாஸ்டிக்காக இருந்தால் நசுங்காது, பருக்காது. ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இருபது இருபதாக எடுக்கச் சொன்னேன். சந்தேக மணியை மட்டும் வேகவைத்தால் மனம் தான் நினைத்ததையே பார்க்கும்.

அயோடின் சோதனையும் எளிது. மருந்துக் கடையில் கிடைக்கும் டிஞ்சர் அயோடினோ பீட்டாடினோ ஒரு சொட்டு எடுத்து, பத்துச் சொட்டுத் தண்ணீரில் கலந்து வெளிர் பழுப்பு ஆக்கிக்கொள்ளுங்கள். மணியைக் கரண்டியால் பொடித்து, வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டால் மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். நீர்க்காமல் ஊற்றினால் பழுப்பே எல்லாவற்றையும் மூடிவிடும். பொடிக்காமல் விட்டால் வழவழப்பான மேற்பரப்பில் நிறம் சரியாக ஏறாது, “பார்த்தீர்களா, மாறவில்லை” என்று அவசர முடிவுக்கு வந்துவிடுவோம். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மாவுச்சத்து இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், கூடவே வேறு பொருள் இல்லை என்று சொல்லாது. அதனால்தான் வேகவைக்கும் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். அயோடின் பட்ட மணிகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள், கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

எரித்துப் பார்ப்பதானால் ஒரேயொரு மணியை இடுக்கியில் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கைப்பிடி அளவு வேண்டாம், பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தப் புகை நல்லதல்ல. அரிசி கருகிக் கரியாகும், தீய்ந்த சோற்றின் வாடை வரும், தேய்த்தால் பொடியும். பாலிஎத்திலீன் உருகிச் சொட்டும், அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை அடிக்கும், உருகிய நுனியை ஊசியால் இழுத்தால் நூலாக நீளும். எரிகிறது என்பது மட்டுமே சாட்சி ஆகாது. மாவுச்சத்தும் எரியக்கூடிய பொருள்தான், எண்ணெய் பட்ட சோறு இன்னும் நன்றாக எரியும்.

இந்தச் சோதனைகளால் பூச்சிக்கொல்லி எச்சத்தையோ ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமத்தையோ பூஞ்சை நச்சையோ கண்டுபிடிக்க முடியாது. அவற்றுக்கு ஆய்வகம்தான் வழி. என்னைக் கேட்டால் அரிசியில் கவலைப்பட வேண்டியவை அவைதான். வாங்கும்போது மக்கிய வாடை, கட்டி கட்டியாக ஒட்டியிருத்தல், கறுப்பு அல்லது பச்சைப் பூசணம் இருந்தால் எடுக்காதீர்கள். களைந்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், பூஞ்சை நச்சு சூட்டில் முழுதாக அழிவதில்லை.

“பிளாஸ்டிக் முட்டை”யும் இதே குடும்பம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்கு உட்புறம் இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. முட்டை பழசாகி ஈரம் ஆவியாகும்போது சவ்வு காய்ந்து காகிதம்போல் உரியும், தீயில் காட்டினால் கருகும். அது புரதம். குளிர்பதனத்தில் உறைநிலைக்குக் கீழே போன முட்டையின் மஞ்சள் கரு இறுகிக் களிபோலாகிவிடும், மறுபடி இளகாது. தீவனத்தில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு அதிகமானால், அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பு அமிலத்தால் குளிரில் வைத்த முட்டையின் மஞ்சள் கரு ரப்பர்போல் ஆகும். கோழித் தீவனம் தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. ரப்பர்போல் இருக்கிறது என்று மக்கள் சொல்வது பொய்யில்லை, காரணம்தான் வேறு.

அரிசியில் பிளாஸ்டிக்கே இல்லை என்று சொன்னால் நான் முழு உண்மையைச் சொல்லாதவன் ஆவேன். நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுப்படி 100 கிராம் அரிசியில் 3 முதல் 4 மில்லிகிராம் பிளாஸ்டிக் இருந்தது. உடனடியாகச் சமைக்கும் வகை அரிசியில் ஏறக்குறைய 13 மில்லிகிராம். களைந்தபோது 20 முதல் 40 விழுக்காடு குறைந்தது. இது யாரும் வேண்டுமென்று கலந்ததல்ல. பிளாஸ்டிக் சாக்கு, உறை, ஆலையின் பட்டை, காற்றில் மிதக்கும் தூசி வழியாக வருவது. உடலில் இது என்ன செய்கிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது, பெரிய ஆபத்து என்றோ ஒன்றுமில்லை என்றோ யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று தண்ணீரில் களைவது எப்படியும் நல்லது.

செறிவூட்டிய அரிசியின் பலன் பற்றியும் இதேபோல் நேர்மையாகப் பேச வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி 1 கிலோ அரிசியில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிடுபவருக்கு 8 முதல் 13 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகக் கிடைக்கும், அதில் உடல் எடுத்துக்கொள்வது சிறு பகுதிதான். இது நஞ்சல்ல என்பது உறுதி. இரத்தசோகையை இது எவ்வளவு குறைக்கிறது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பலன் சொற்பம் அல்லது தெளிவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். கீரை, பருப்பு, முட்டை, பழம் கிடைக்கச் செய்வதை விட்டுவிட்டு அரிசியில் மட்டும் சத்தை ஏற்றுவது சரியா என்று ஊட்டச்சத்து அறிஞர்கள் சிலர் கேட்பது நியாயமான கேள்வி. அதைப் பொதுவெளியில் உரக்கக் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் என்ற பேச்சு இருக்கும் வரை இந்தக் கேள்வி யார் காதிலும் விழாது.

வீட்டில் தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை போன்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர் இருந்தால், இந்தக் கூடுதல் இரும்பு பற்றி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். செறிவூட்டிய உணவுக்கான 2018 விதிகள் இவர்களுக்காகப் பையில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னன. பின்னர் அரசு அமைத்த குழு, இந்த அளவு இரும்பால் அவர்களுக்கும் தீங்கில்லை என்று சொன்னது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவருக்கு ஒரு பை இரத்தத்திலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது, அரிசியில் வருவது அதற்கு முன் சிறிது. இருந்தாலும் உடலில் ஏற்கெனவே எவ்வளவு இரும்பு தேங்கியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதைச் சிகிச்சை தருபவர்தான் சொல்ல முடியும்.

மற்றவர்கள் மணிகளைப் பொறுக்க வேண்டியதில்லை. களையும்போது மிதப்பதைத் தண்ணீரோடு சாய்த்துவிடாமல் கையால் அமுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் இறுத்துவிடுங்கள். சோறு வடிக்கும் வீடானால் சேர்த்த வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போகும், கஞ்சியைக் குடித்துவிட்டால் வீணாகாது. நிறையத் தண்ணீர் வைத்து வடிப்பதால் ஆர்செனிக் இருந்தால் அதுவும் குறையும் என்பதால், நிலத்தடி நீரில் ஆர்செனிக் உள்ள வங்காளப் பகுதிகளில் ஆர்செனிக் இல்லாத தண்ணீரில் வடித்துச் சமைப்பதையே பரிந்துரைக்கிறார்கள், அங்கே கஞ்சியைக் குடிக்கக் கூடாது.

உங்கள் சந்தேகத்தைச் சிரிப்புக்குரியதாக நான் நினைக்கவில்லை. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமின் என்ற வேதிப்பொருள் கலந்ததால் ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தன. தண்ணீர் கலந்த பாலில் புரத அளவு கூடுதலாகக் காட்டத்தான் மெலமின் போட்டார்கள், மலிவு, மறையும் என்ற இரண்டு விதியும் அதில் இருந்தது. இப்படி நடந்த உலகத்தில் சாப்பாட்டைச் சந்தேகிப்பது இயல்பு. அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குள் வைத்துக் குமைவதைவிட, சட்டம் கொடுத்த வழியில் கொண்டுபோவது பலன் தரும்.

அதற்கான வழி இது. ரேஷன் அரிசி பற்றிய புகாரென்றால் 1967 என்ற எண்ணில் சொல்லலாம். கடை அரிசியானால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரை வைப்பார், ஒரு முடிவை யாராவது மறுத்தால் இன்னொரு பகுதியை வேறு ஆய்வகத்தில் சோதிக்கத்தான் அந்த ஏற்பாடு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம், அறிக்கை 14 நாளில் வர வேண்டும், பொருள் விதிக்கு மாறாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பகுப்பாய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலைய வளாகம், தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன.

மாதிரியைக் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில், அரைக் கிலோவுக்குக் குறையாமல், சமைக்காத அரிசியாகக் கொடுங்கள். பொறுக்கிய மணிகளைத் தனியாக ஒரு காகித உறையில் வையுங்கள், அதே மூட்டையின் பொறுக்காத, களையாத அரிசியையும் உடன் வைக்க வேண்டும். வாங்கிய தேதி, கடை எண், கைபேசிக்கு வந்த ரேஷன் குறுஞ்செய்தி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். வெந்த சோற்றை மட்டும் கொண்டுபோனால் எந்தக் கூடத்திலும் அதை வைத்து உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.